மவுண்டன் பைக்கில் ஜியோகேச்சிங்: பெட்டியைப் பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம்?

சக்கரத்தடம்

வணக்கம். இரண்டு வருடமாக மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதைக்கான சைக்கிள், ஓட்டுகிறேன். யாரோ மறைத்து வைத்த பெட்டியை, அவர் இணையத்தில் போட்ட இட எண்களை வைத்து ஜிபிஎஸ் மூலம் தேடி, உள்ளே இருக்கும் புத்தகத்தில் பெயரெழுதுகிற ஜியோகேச்சிங் விளையாட்டைத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இரண்டும் சேர்ந்த பிறகு காடு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. முன்பு பாதை, திருப்பம், இறக்கம் இவைதான் கண்ணில் படும். இப்போது ஒரு பாறையின் பின்பக்கத்தையும், விழுந்த மரத்தின் பொந்தையும் நின்று பார்க்கிறேன். பத்துத் தடவை ஓட்டிப்போன வளைவுக்குப் பின்னால் ஒரு சின்ன நீரோடை இருப்பதே ஒரு கேச், அதாவது அப்படி மறைத்த பெட்டி, தேடப் போனபோதுதான் தெரிந்தது.

ஆனால் போன மாதம் நடந்த ஒன்று மனதை உறுத்துகிறது. ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். போனில் அம்புக்குறி வலது பக்கம் திரும்பியது, 140 மீட்டர் என்று காட்டியது. யோசிக்காமல் பாதையை விட்டு இறங்கி, பெரணிகளுக்கு நடுவே பைக்கை ஓட்டிக்கொண்டே போய்விட்டேன். பெட்டி கிடைத்தது, பெயரெழுதிவிட்டு வந்தேன். நான்கு வாரம் கழித்து அதே வழியில் போனால், நான் இறங்கிய இடத்தில் ஒரு புதுப் பாதையே விழுந்திருந்தது. நான்கைந்து டயர் தடம். பெரணி நசுங்கிக் கருத்துவிட்டது. ஒரு வேரில் தோல் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. முதல் தடம் என்னுடையதாக இருக்கலாம்.

இப்போது நானே முதல் தடவையாக ஒரு பெட்டி வைக்க விரும்புகிறேன். 14 கிலோமீட்டர் சுற்றுப் பாதை, பைக்கில் வருபவர்களை நினைத்து வைப்பது. பாதை ஓரத்திலேயே வைத்தால் வழியில் போகிற யாராவது எடுத்துவிடுவார்கள். உள்ளே தள்ளி வைத்தால் மேலே சொன்ன கதைதான். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஒற்றையடி

நல்ல கேள்வி நண்பரே. முதலில் அந்த 140 மீட்டரைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கருவி காட்டுவது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஓடை இருக்கிறதா, செங்குத்தான சரிவு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எண் இப்படி இறங்கும்: 180, 160, 147, 141, 140. அப்புறம் 143, 150 என்று ஏறத் தொடங்கும். அந்த 140 வந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பதற்றம் வருகிறது, “ஐயோ, தாண்டிப் போகிறோமே” என்று. அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். கணக்குப்படி அந்த இடத்தில் பாதை பெட்டிக்கு மிக அருகில் இருந்தது, அவ்வளவுதான். பெட்டி வைத்தவர் அந்த வழியாகப் போனார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நான் செய்வது: எண் ஏறினாலும் தொடர்ந்து ஓட்டுவேன். காட்டுப் பாதை மலையைச் சுற்றித்தான் போகும், வளைந்து திரும்பும். பல தடவை 250 வரை ஏறிய எண் அடுத்த கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் 30 மீட்டருக்கு இறங்கியிருக்கிறது. கிளம்பும் முன்பே வரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் பார்த்துவிட்டால் இந்தத் தவிப்பே இருக்காது. கோடுகள் நெருங்கி இருந்தால் அது ஏறவோ இறங்கவோ முடியாத சரிவு. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பெட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

மேடுபள்ளம்

என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. பைக்கில் போவதே ஓட்டத்துக்காகத்தான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சாக்காக வைத்து ஒரு பாதை முழுக்க 161 மீட்டருக்கு ஒன்று என்று நிரப்பி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட பாதையில் பைக்கை ஓட்ட முடியாது, தள்ளத்தான் முடியும். நல்ல இறக்கத்தின் நடுவில் பிரேக் போட்டு நிற்பது பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து.

14 கிலோமீட்டருக்கு நான்கு பெட்டி போதும். ஏற்றம் முடிகிற இடத்தில் ஒன்று, காட்சி திறக்கிற இடத்தில் ஒன்று, பாதை பிரிகிற இடத்தில் ஒன்று, கடைசி இறக்கம் முடிந்த பிறகு ஒன்று. மூச்சு வாங்க எப்படியும் நிற்கிற இடங்கள்தான் இவை.

பாதைக்காரன்

நான் காட்டுப் பாதைகளை வெட்டிப் பராமரிக்கிற ஒரு தன்னார்வக் குழுவில் பல வருடமாக மண்வெட்டி பிடிக்கிறவன். சக்கரத்தடம் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வருத்தமாகவும் இருந்தது, நீங்களே திரும்பிப் போய்ப் பார்த்து எழுதியதில் நிம்மதியாகவும் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலடித் தடத்துக்கும் டயர் தடத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. காலடி விட்டு விட்டு விழும். டயர் தடம் அறுபடாத ஒரு கோடு. அது சரிவோடு நேராக இறங்கினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் அதைத் தன் வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். முதல் மழையில் விரல் ஆழம், சில மழை கழித்துச் சாண் ஆழம். மேல்மண் போய்க் கல்லும் வேரும் தலைநீட்டும். அதைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் ஒதுங்குவார்கள். பாதை அகலமாகும். ஒரு தடம் மூன்றாகும்.

முறையாக வெட்டிய பாதை இப்படி ஆவதில்லை. அது மலைச்சரிவுக்குக் குறுக்கே போகும். பாதையின் ஏற்றம் அந்தச் சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று சர்வதேச மவுண்டன் பைக் சங்கமான இம்பா சொல்லிக்கொடுக்கிறது. பாதையின் வெளி விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வெட்டுவோம், தண்ணீர் குறுக்கே கடந்து வெளியேறிவிடும். ஒரு நாள் முழுக்க நாலைந்து பேர் வேலை செய்தால் சில பத்து மீட்டர்தான் முடிகிறது. பெட்டி தேடி வருகிறவர்கள் போடும் குறுக்குத் தடத்தில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. சக்கரம் பாதையை விட்டு இறங்கவே கூடாது. ஒரு மீட்டர்கூட. பைக்கைப் பாதை ஓரம் வைத்துவிட்டு நடந்து போங்கள். ஈரமான நாட்களில் பாதையிலேயே ஓட்ட வேண்டாம். மண்ணை உருட்டினால் கையில் பந்தாக நிற்கிறது என்றால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

மேடுபள்ளம்

பாதைக்காரன் சொல்வது சரி. ஆனால் பழைய மரவண்டிப் பாதை, தீத்தடுப்புக் கோடு இதிலெல்லாம் இறங்கினால் என்ன? அவை ஏற்கெனவே திறந்த இடங்கள்தானே.

பாதைக்காரன்

அவை சைக்கிளுக்குத் திறந்தவையா என்பதுதான் கேள்வி. ஒரே காட்டில் ஒரு பாதையில் சைக்கிள் போகலாம், பக்கத்துப் பாதையில் போகக் கூடாது என்று இருக்கும். தடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அனுமதி ஆகாது. திறந்த பாதை என்று பலகையோ நிலத்தை நிர்வகிக்கிறவர்களோ சொன்னால் தாராளமாக ஓட்டுங்கள்.

துருவமீன்

பெட்டி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு ஜிபிஎஸ் பக்கத்திலிருந்தும் ஒரு பதில் இருக்கிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் நம்மை அடையும்போது மிக மெலிந்துவிடும். அடர்ந்த மரக்கூரை, அதுவும் ஈர இலை, அதை மேலும் தின்றுவிடும். பாறைச் சுவரிலும் பெரிய அடிமரத்திலும் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் நீண்ட வழி சுற்றி வருவதால் கருவி தூரத்தைத் தப்பாகக் கணக்கிடும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசை வாங்கும் கருவிகள் இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன, முழுக்க அல்ல.

இடத்தைக் குறிக்கும் எண்களான ஆயத்தொலைவை நாம் நிமிடத்தில் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) மூன்று தசம இடம் வரை எழுதுகிறோம். அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர் நகர்கிறது. எழுத்தில் அவ்வளவு துல்லியம். ஆனால் காட்டுக்குள் பெட்டி வைக்கிறவருக்கு 6 மீட்டர் பிழை, தேடுகிறவருக்கு 6 மீட்டர் பிழை, இரண்டும் எதிரெதிர்த் திசையில் விழுந்தால் 12 மீட்டர். அந்த வட்டம் முழுக்க ஒருவர் செடிகளை விலக்கித் தேடுவார். அடுத்தவரும் அதையே செய்வார். மிதிபடுவது பெட்டிக்குப் போகும் வழி மட்டும் இல்லை, பெட்டியைச் சுற்றியுள்ள நிலமும்தான்.

அதனால் ஒரு தடவை நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு வராதீர்கள். கருவியை அசைக்காமல் வைத்துப் பல நிமிடம் சராசரி எடுங்கள். வேறு நாளில் வேறு நேரத்தில் மறுபடி போய் எடுங்கள். அப்போது செயற்கைக்கோள்கள் வேறு இடங்களில் இருக்கும், பிழையும் வேறு பக்கம் சாயும்.

இந்த விளையாட்டே அந்தத் துல்லியத்தில் பிறந்ததுதான். 2000 மே மாதம் தொடங்கும்போது, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. மே 3ஆம் தேதி டேவ் உல்மர் ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைக் காட்டுப் பக்கம் வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். மைக் டீக் முதலில் கண்டுபிடித்தார். ஜியோகேச்சிங் என்ற பெயரே அந்த மாதக் கடைசியில்தான் வந்தது. அந்தப் பிழை நிற்காமல் இருந்திருந்தால் 100 மீட்டர் வட்டத்தில் நாம் புதர் புதராகத் தேடிக்கொண்டிருப்போம், எந்தக் காடும் தாங்காது.

பெட்டிதேடி

நான் என் ஒன்பது வயது மகளோடு ஓட்டுகிறேன். அவளுக்குப் பெட்டிதான் முக்கியம், பைக் அங்கே போகிற வண்டி. அதனால் என் கோணம் வேறு.

குழந்தையோடு போகும்போது போனை ஹேண்டில்பாரில் மாட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் அவள் திரையில் எண் குறைவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஈரமான வேர் ஒன்று குறுக்கே சாய்வாகக் கிடந்தது. முன் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. இப்போது கருவியை முதுகுப் பையின் தோள்பட்டையில் வைத்து, பெட்டி நெருங்கினால் ஒலி எழுப்பும்படி வைத்திருக்கிறேன். ஒலி வந்ததும் நிறுத்துகிறோம், அதுவரை இருவர் கண்ணும் பாதையில்.

துருவமீன்

நல்ல பழக்கம். போனுக்கும் அதுதான் நல்லது. மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரின் அதிர்வு கேமராவுக்குள் இருக்கும் ஃபோகஸ் பாகங்களையும் நடுக்கம் தடுக்கும் பாகங்களையும் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. மவுண்டன் பைக்கில் என்ஜின் இல்லை, ஆனால் கல்லும் வேரும் இருக்கின்றன. நானும் போனைப் பையில்தான் வைக்கிறேன்.

பழையபெட்டி

பெட்டி வைப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். பல வருடமாக வைக்கிறேன், பலவற்றை எடுத்தும் இருக்கிறேன்.

முதல் வேலை அனுமதி. நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் கேளுங்கள். பெட்டியைப் புதைக்கக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. உள்ளே தின்பண்டம் வைக்கவே கூடாது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் விலங்குகள் மோப்பம் பிடித்துவிடும். பல் குறி பதிந்து ஒரு பக்கம் கிழிந்த டப்பாவை நானே எடுத்து வந்திருக்கிறேன், உள்ளே யாரோ போட்ட ஒரு மிட்டாய்க் காகிதம் மட்டும் மிச்சம்.

அப்புறம் மூடி. பைக்கில் வருகிறவர் கையில் சேறு இருக்கும், செயின் எண்ணெய் இருக்கும். பெட்டியைத் திறந்து மூடும்போது மூடியின் ரப்பர் வளையத்தில் இரண்டு மணல் துகள் ஒட்டினால் போதும். தலைமுடி அளவு இடைவெளி விழும், மழைநீர் அது வழியாகக் கசியும். மூன்றாவது மாதம் லாக் புக் (பெயரெழுதும் புத்தகம்) ஊறி ஒரே கட்டியாகிவிடும். நான் பெட்டிக்குள் ஒரு சிறு துணியும் குறிப்பும் வைக்கிறேன்: “மூடும் முன் ரப்பரைத் துடையுங்கள்”. அதற்குப் பிறகு ஊறிய புத்தகங்கள் மிகவும் குறைந்துவிட்டன.

இணையத்தில் பெட்டிக்கான விவரப் பக்கத்தில் சைக்கிளுக்கு ஏற்றது என்ற குறியைப் போடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். கூடுதல் புள்ளி சேர்க்கிற வசதி இருக்கிறது இல்லையா, அதில் “பைக்கை இங்கே வைத்துவிட்டு நடங்கள்” என்று ஒரு புள்ளி கொடுங்கள். இந்த ஒன்று செய்தாலே சக்கரத்தடம் சொன்ன பிரச்சினையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். ஆட்களுக்குக் காட்டைக் கெடுக்கும் எண்ணம் கிடையாது. எங்கே இறங்குவது என்று தெரியாமல்தான் கண்ட இடத்தில் இறங்குகிறார்கள்.

நிலக் கடினம், அதாவது பெட்டிக்குப் போகும் வழி எவ்வளவு கடினம் என்பதற்கு 1 முதல் 5 வரையிலான மதிப்பு, எவ்வளவு போடுவது என்றும் குழப்பம் வரும். 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போக முடிய வேண்டும். 5 என்றால் படகு, மலையேறும் கயிறு மாதிரி தனிக் கருவி வேண்டும். பைக்கில் வந்தார் என்பதற்காக 5 போடாதீர்கள், அதே பாதையில் ஒருவர் நடந்தும் வரலாம். மேடும் வேரும் தூரமும் பார்த்து நடுவில் ஒன்று போடுங்கள்.

விவரப் பக்கத்தில் தேடுகிறவருக்குத் துப்பாகக் கொடுக்கும் குறிப்பைப் பற்றியும் ஒன்று. குறிப்பு ராட்13 முறையில் மறைக்கப்படுகிறது, ஆங்கில எழுத்துகள் 26ஐயும் பதின்மூன்று இடம் தள்ளிப்போடுவது அது. தமிழ் எழுத்தை அந்த முறை தொடாது. தமிழில் குறிப்பு எழுதினால் அது அப்படியே வெளிப்படையாகத் தெரியும். எனவே தமிழில் எழுதும்போது எல்லாவற்றையும் உடைத்துவிடாதீர்கள். “ஓடைச் சத்தம் கேட்கும் பக்கம், முழங்கால் உயரம்” போதும்.

சக்கரத்தடம்

ராட்13 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி. ஒரு சந்தேகம். பைக்கைப் பாதையோரம் வைத்துவிட்டு நடந்து போனால், அந்த நேரத்தில் பின்னால் வேகமாக ஒருவர் இறங்கி வந்தால்?

மேடுபள்ளம்

அதற்காகத்தான் வளைவுக்கு உடனே பின்னால் நிற்கக் கூடாது என்கிறேன். இரு பக்கமும் தூரம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பைக்கைப் பாதைக்கு முழுக்க வெளியே தூக்கி வையுங்கள், ஹேண்டில்பார்கூட உள்ளே நீட்டக் கூடாது. படுக்க வைத்தால் செயின் இல்லாத பக்கம் கீழே. செயின் பக்கம் தரையில் பட்டால் கியர் மாற்றும் பாகமான டெரய்லர் தொங்கும் சிறு உலோகத் துண்டு வளையும். காட்டின் நடுவில் கியர் ஏறாமல் நின்றால் திரும்பி வர நெடுநேரம் ஆகும்.

ஒற்றையடி

சேர்த்துக்கொள்ளுங்கள்: நடந்து போகும் முன் திரும்பி நின்று பைக்கை ஒரு தடவை பாருங்கள், அதன் இருப்பிடத்தையும் கருவியில் குறித்துவிடுங்கள். அடர்ந்த காட்டில் 60 மீட்டர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் குனிந்து தேடினால் திசை மறந்துபோகும். பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டுப் பைக்கைத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

பெட்டிதேடி

அப்படி நேர்ந்தால் குழந்தை பயந்துவிடும், உண்மை. நாங்கள் கிளம்பும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். இருட்டும் முன் காட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். பொழுது சாயும் நேரம் விலங்குகள் நடமாடும் நேரம், அது அவற்றுக்கு.

சக்கரத்தடம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய பெட்டி. வைத்தவருக்குச் செய்தி அனுப்பி, நான் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியைப் பாதையின் அடுத்த வளைவுக்குப் பக்கத்தில் நகர்த்தி ஆயத்தொலைவைத் திருத்திவிட்டார். 161 மீட்டருக்குள் நகர்த்தினால் அவரே மாற்றிக்கொள்ளலாமாம். பாதைக்காரன் தனிச்செய்தியில் சொன்னபடி, பாதையைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, நானும் இன்னொருவரும் அந்தக் குறுக்குத் தடத்தின் வாயில் காய்ந்த கிளைகளையும் சருகையும் பரப்பி மூடினோம். சரிவாக இருந்த இடத்தில் மூன்று கட்டைகளைக் குறுக்கே போட்டோம். இப்போது பாதையிலிருந்து பார்த்தால் அங்கே வழி இருந்ததாகத் தெரியவில்லை.

என் பெட்டிக்கு அந்த 14 கிலோமீட்டரையும் பைக் இல்லாமல் நடந்தேன். ஓட்டும்போது கண்ணில் படாத ஒரு பாறைத்திட்டு ஏற்றம் முடியும் இடத்தில் இருக்கிறது. பாதையிலிருந்து அங்கே வரை வெறும் கல், செடி இல்லை, எத்தனை பேர் நடந்தாலும் மிதிபட ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். பாதையில் போகிறவருக்குப் பெட்டி தெரியாது. மூன்று வெவ்வேறு நாளில் ஆயத்தொலைவு எடுத்தேன். முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் 7 மீட்டர் வேறுபாடு. துருவமீன் சொல்லாமல் இருந்திருந்தால் முதல் நாள் எண்ணையே போட்டிருப்பேன். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். போன வாரம் ஜியோகேச்சிங் தளத்தில் பரிசீலித்து வெளியிட்டுவிட்டார்கள்.

பாதைக்காரன்

கல் மேல் வழி வைத்தது அருமையான யோசனை. 22 அடி என்பதை விட அந்த 22 அடியும் பாறை என்பதுதான் பெரிய விஷயம். மண்ணாக இருந்தால் பத்தடிகூட எனக்கு அதிகம்.

பெட்டிதேடி

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். இரண்டாவது பெயர் எங்களுடையது, முதல் பெயர் எழுதியவருக்கு வாழ்த்துகள். பைக் வைக்கும் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது, இரு பக்கமும் நன்றாகத் தெரிகிறது. கருவி எங்களைப் பாறையின் கிழக்கு முனைக்குக் கொண்டுபோனது, பெட்டி அங்கிருந்து நான்கு மீட்டர். மகள் ரப்பரைத் துடைத்துவிட்டுத்தான் மூட விட்டாள். ஒரு நீலக் கோலிக்குண்டு போட்டுவிட்டு ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டாள். பேனா எழுதவில்லை, பென்சில் வைத்தால் ஈரத்திலும் எழுதும்.

சக்கரத்தடம்

சனிக்கிழமை பென்சில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்.